ஒத்துக்காரப் பையனின் காது

அன்புள்ள தம்பிக்கு,

முப்பது வயதாகப் போகிறது, கற்றிருக்க வேண்டிய வயதையெல்லாம் கல்யாண மேளத்திலேயே கழித்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று உன்னைத் தேற்ற எனக்கு மனம் வரவில்லை. இளமையோடு போகிற சங்கதிகள் நாகஸ்வரத்தில் நிறைய உண்டு. முன்பல் ஆடத் தொடங்கினால் சீவாளி உதட்டில் நிற்காது. துத்துகாரம் மூன்றாம் காலத்தில் பிசிறில்லாமல் விழ நாக்கில் வேகம் வேண்டும். சுவாமி நான்கு வீதியும் சுற்றி வரும்வரை ஒரு ராகத்தை விரித்துக்கொண்டே போக நெஞ்சில் காற்று வேண்டும். எனக்கு இப்போது ஒரு வீதிக்குத்தான் காற்று இருக்கிறது.

ஆனால் என்னை உறுத்துவது அதுவல்ல. உடம்பு தளர்வது எல்லோருக்கும் உள்ளதுதான். கூடவே இருந்தும் கேட்டு வாங்காமல் விட்ட பாடம்தான் ஆறவே மாட்டேன் என்கிறது.

முன்பெல்லாம் மேளத்தில் ஒத்து ஊத ஒரு பையன் நிற்பான். மூக்கால் மூச்சை இழுத்தபடியே, கன்னத்துக் காற்றை விடாமல், ஒரே சுரத்தைப் பிடித்திருப்பான். விரலுக்கு வேலை கிடையாது. காது சும்மாதான் இருக்கும். அதனால் பெரியவர்கள் வாசிக்கிற ஒவ்வொரு பிடியும் அவனுக்குள் இறங்கிவிடும். சுருதிப் பெட்டி வந்தது. ஓர் ஆள் கூலி மிச்சமானது. அந்தப் பையன் நின்ற இடமும் போனது. உன் தலைமுறைக்கு அந்த இடம் கிடைக்கவே இல்லை. ஆகையால் பழி முழுவதையும் நீயே சுமக்காதே.

காருகுறிச்சி அருணாசலத்தை நினைத்துப் பார். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் பக்கத்தில் நின்று வாசித்து வளர்ந்தவர். 1956இல் குரு மறைந்தார். 1964இல் சீடரும் முதுமையைப் பார்க்காமலே போய்விட்டார். ஆயுள் எவ்வளவு என்பதைவிட யார் பக்கத்தில் நின்றோம் என்பதுதான் நம் தொழிலில் பெரிதென்று நான் நினைக்கிறேன்.

உன் பக்கத்து ஊர்களில் இன்னும் ஓரிரு பெரியவர்கள் இருக்கிறார்கள். பல் போய்விட்டது, ஊத முடியாது. வாயால் பாடிக் காட்ட முடியும். புறப்பாட்டு மல்லாரி, தளிகை மல்லாரி, தேர் மல்லாரி எல்லாம் அவர்கள் நெஞ்சில் கிடக்கின்றன. மல்லாரிக்குச் சாகித்தியம் கிடையாது. புத்தகத்தைப் பார்த்தால் சுரம் கிடைக்கும், நடை கிடைக்காது. ரக்தியும் அப்படித்தான். கைபேசியில் பதிந்துகொள், ஆனால் அதோடு எழுந்து வந்துவிடாதே. அவர் எதிரிலேயே திருப்பிப் பாடு. தப்பான இடத்தில் அவர் கை தானாக உயரும். அந்த இடத்தைத்தான் நீ வாங்கிவர வேண்டும்.

ஆடியில் முகூர்த்தம் இல்லை. அந்த மாதத்தை வேறு எதற்கும் ஒப்புக்கொள்ளாதே. வெற்றிலை பாக்கு, பழத்தோடு அந்தப் பெரியவர்களிடம் போ. தவில் வாசிக்கிற உன் கூட்டாளியையும் அழைத்துப்போ. மல்லாரி மூன்று காலத்திலும் ஏறி இறங்கும்போது கணக்கை அவன் பிடித்துக்கொள்ளட்டும். கம்பீரநாட்டை ராகத்தை நீ பிடித்துக்கொள்.