சக்கர நாற்காலியில் வரும் மாணவருக்கும் உடற்கல்விப் பாடவேளை

உடற்கல்விப் பாடவேளையில் வகுப்பு முழுவதும் மைதானத்துக்குப் போகும்போது, சக்கர நாற்காலியில் வரும் மாணவருக்குப் பெரும்பாலும் இரண்டு வேலைகளில் ஒன்றுதான் கிடைக்கிறது. மரத்தடியில் இருந்து மற்றவர்களின் பைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அல்லது விளையாட்டில் யாருக்கு எத்தனை புள்ளி என்று குறிக்க வேண்டும். அக்கறையினால்தான் அப்படி உட்கார வைக்கிறோம். ஆனால் ஒரு நாளின் பெரும்பகுதியை உட்கார்ந்தே கழிக்கும் பிள்ளைக்கு அந்த 40 நிமிடம் மற்ற எல்லாரையும்விட அதிகமாகத் தேவைப்படுகிறது.

நான் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் பட்டதாரி ஆசிரியர். விபத்தில் தண்டுவடம் காயமடைந்ததால், 14 ஆண்டுகளாகச் சக்கர நாற்காலியில் இருந்தபடியே பாடம் நடத்துகிறேன். காயத்துக்குப் பிந்தைய முதல் இரண்டு ஆண்டுகளில் என் எடை 11 கிலோ கூடியது. அதில் 8 கிலோவைக் குறைக்க ஒன்றரை ஆண்டு ஆனது. அந்தக் காலத்தில் படித்தும் செய்து பார்த்தும் தெரிந்துகொண்டதை, நம் வகுப்பறைகளுக்குப் பயன்படும் வகையில் இங்கே தருகிறேன்.

எடை ஏன் பெரிய கேள்வி?

கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கும், ஆட்டோவுக்கும் மாறும்போது சக்கர நாற்காலிப் பயனாளர் தன் உடலைத் தன் கைகளால் தூக்குகிறார். நடப்பவருக்கு 5 கிலோ கூடினால் சட்டை இறுகும். எங்களுக்கு 5 கிலோ கூடினால், நேற்று வரை தனியாகச் செய்த ஒரு வேலைக்கு இன்று ஆள் தேவைப்படும்.

பிள்ளைகளிடம் இதன் விளைவு இன்னும் கடுமையானது. ஏழாம் வகுப்பில் 32 கிலோ இருக்கும் மகனை அம்மா தூக்கி ஆட்டோவில் வைத்துவிடுவார். ஒன்பதாம் வகுப்பில் அவன் 52 கிலோ ஆகும்போது அம்மாவின் முதுகு தாங்காது. வாரத்தில் ஐந்து நாள் வந்தவன் மூன்று நாள் வருவான், பிறகு வருவதே நின்றுவிடும். வருகைப் பதிவேட்டில் காரணம் எழுதப்படாத இடைநிற்றல்களில் இதுவும் ஒன்று.

எடை ஏறுவதற்கு உடலியல் காரணம் உண்டு. உடலின் மிகப் பெரிய தசைகள் தொடையிலும் பிட்டத்திலும் இருக்கின்றன. அவை இயங்காதபோது மெலிகின்றன, உடல் செலவழிக்கும் ஆற்றலும் குறைகிறது. ஓய்வில் இருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு, ஒரு கிலோ எடைக்கு 3.5 மில்லிலிட்டர் ஆக்சிஜன் பயன்படுத்துகிறார் என்பது பொதுவான கணக்கு. தண்டுவடக் காயமடைந்த பெரியவர்களிடம் இது சராசரியாக 2.7 மில்லிலிட்டர்தான். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு. ஆகவே அதே வீட்டில் அதே சோற்றை அதே அளவு உண்டாலும் எடை ஏறும். அந்தப் பிள்ளையைப் பார்த்து ‘சாப்பாட்டு ராமன்’ என்று யாரும் கேலி பேசுவதில் நியாயமில்லை.

அளப்பது எப்படி?

நிற்க முடியாதவரை எடை பார்க்க, மூட்டை நிறுக்கும் தராசு போதும். நாற்காலியோடு ஏற்றி ஒரு முறை, காலி நாற்காலியை மட்டும் ஒரு முறை நிறுத்துக் கழிக்க வேண்டும். மொத்தம் 61 கிலோ, நாற்காலி 17 கிலோ என்றால் மாணவரின் எடை 44 கிலோ. உயரத்துக்குப் பதிலாக, இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை அளக்கலாம். அது ஏறத்தாழ உயரத்துக்குச் சமம். மாதம் ஒருமுறை அளந்தால் போதும். வகுப்பின் முன்னால் அளக்காதீர்கள்.

உடல் நிறை எண் இங்கே நம்மை ஏமாற்றும். தசை குறைந்து அந்த இடத்தில் கொழுப்பு சேர்ந்தால் எடை இயல்பாகவே தெரியும். தண்டுவடக் காயமுள்ள பெரியவர்களுக்கு 22-ஐத் தாண்டினாலே கவனம் தேவை என்று ஆய்வாளர்கள் பரிந்துரைத்துள்ளனர். இது பெரியவர்களுக்கான எல்லை, பிள்ளைகளுக்குப் பொருந்தாது. வளரும் பிள்ளையின் எடையைக் குறைப்பதும் நம் இலக்கு அல்ல. உயரம் கூடும் காலத்தில் எடை வேகமாக ஏறாமல் பார்த்துக்கொண்டாலே போதும்.

தட்டில் என்ன மாற்றம்?

முதலில் சோற்றின் அளவு. 100 கிராம் சோற்றில் சுமார் 130 கிலோ கலோரி இருக்கிறது. மதியம் அந்த அளவைக் குறைத்துக் கூடுதலாகப் பொரியலோ கீரையோ வைத்துக்கொண்டதுதான் நான் செய்த முதல் மாற்றம். மாதத்துக்கு 3,900 கிலோ கலோரி குறைகிறது. ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கிலோ கலோரி உண்டு. எனவே தாள் கணக்கில் மாதம் அரைக் கிலோ இறங்கும். உடல் தன் செலவையும் சற்றுக் குறைத்துக்கொள்வதால் நடைமுறையில் அதைவிடக் குறைவாகவே இறங்கும்.

அடுத்தது புரதம். சத்துணவில் வரும் முட்டையையும் சுண்டலையும் ஒதுக்காமல் உண்ணச் சொல்லுங்கள். தசை வளர இவை வேண்டும். கீரை, காய்கறி, பழங்களிலுள்ள நார்ச்சத்து மலச்சிக்கலையும் குறைக்கும். இப்பிள்ளைகளில் பலருக்கு அது அன்றாடத் தொல்லை.

மூன்றாவது தண்ணீர். கழிப்பறைக்குப் போவது கடினம் என்பதால் பல பிள்ளைகள், குறிப்பாக மாணவிகள், காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. இது சிறுநீர்த்தொற்றில் கொண்டுபோய் விடும். ஆகவே சாய்தளமும், நாற்காலி நுழையும் அகலமுள்ள கதவும், பிடித்துக்கொள்ளக் கம்பியும் உள்ள கழிப்பறை உடல்நலத் திட்டத்தின் முதல் பகுதி. அது இல்லாத பள்ளியில் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வதில் பயனில்லை.

எவ்வளவு பயிற்சி?

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் மாற்றுத்திறனாளிகளுக்கும் அளவு சொல்லப்பட்டிருக்கிறது. 5 முதல் 17 வயதுள்ளோருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம். பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சியும், இரண்டு நாளாவது தசை வலுவூட்டும் பயிற்சியும். முழு அளவை எட்ட முடியாவிட்டாலும், கொஞ்சம் செய்வது எதுவும் செய்யாமல் இருப்பதைவிட நல்லது என்றும் அது சொல்கிறது.

என் அட்டவணை எளியது. திங்கள், புதன், வெள்ளி மாலைகளில் 30 நிமிடம் மைதானத்தைச் சுற்றி நாற்காலியைத் தள்ளுகிறேன். செவ்வாய், சனி தசைப் பயிற்சி. ஜன்னல் கம்பியில் பழைய சைக்கிள் டியூபைக் கட்டி, இரு முனைகளையும் பிடித்துத் துடுப்புப் போடுவதுபோல் பின்னோக்கி இழுக்கிறேன். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒரு கிலோ எடைக்கருவியாகிவிடுகிறது. ஒவ்வொன்றையும் பத்துப் பத்தாக மூன்று சுற்று செய்கிறேன்.

பயிற்சியின் வேகத்தை நாடித்துடிப்பால் மட்டும் கணிக்கக் கூடாது. தண்டுவடத்தின் மேற்பகுதியில் காயம் பட்டவர்களுக்கு நாடி வழக்கம்போல் உயராது. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்ற நிலையே மிதமான வேகம்.

தோள்களைக் காப்போம்

எங்களுக்குத் தோள்தான் முழங்காலும் கணுக்காலும். தோள் தேய்ந்தால் நடமாட்டம் நின்றுவிடும். அடிக்கடி சிறு சிறு தள்ளல் தள்ளாமல், வளையத்தை நீளமாக, மென்மையாகத் தள்ள வேண்டும். தள்ளி முடித்ததும் கைகளை வளையத்துக்குக் கீழாகத் தொங்கவிட்டுப் பின்னால் கொண்டுவர வேண்டும். நாற்காலி தள்ளும்போது மார்புத் தசைகளே அதிகம் உழைப்பதால், பயிற்சியில் முதுகுத் தசைகளுக்கு வலுவும் மார்புக்கு நீட்டலும் தர வேண்டும்.

பயிற்சிக்கு முன் கவனிக்க

* பிரேக் போட்டிருக்கிறதா, டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கவும். காற்றில்லாத டயர் தோளுக்குச் சுமை.
* 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை முன்னோக்கியோ பக்கவாட்டிலோ சாய்ந்து, பிட்டத்தின் அழுத்தத்தை ஓரிரு நிமிடம் குறைக்க வேண்டும். உணர்வில்லாத தோலில் அழுத்தப் புண் வந்தால் ஆற மாதக்கணக்கில் ஆகும்.
* இயங்காத கால்களின் எலும்பு பலவீனமாக இருக்கும். காலைப் பிடித்து இழுத்தோ முறுக்கியோ நீட்டக் கூடாது.
* தசைச்சிதைவு நோயுள்ள பிள்ளைகளுக்கு எடை தூக்கும் பயிற்சி கூடாது. களைப்பு வருமுன் நிறுத்தும் மென்மையான அசைவுகள் போதும்.
* பிறவியிலேயே முதுகுத்தண்டுப் பிளவு உள்ள பிள்ளைகளில் பலருக்கு இயற்கை ரப்பர் ஒவ்வாமை உண்டு. பலூன், ரப்பர் பட்டை, டியூப் ஆகியவற்றைத் தருமுன் பெற்றோரிடம் கேட்கவும்.
* தண்டுவடத்தின் மேற்பகுதியில் காயமுள்ளவருக்குக் காயத்துக்குக் கீழே வியர்க்காது. வெயிலில் பயிற்சி வேண்டாம்.
* அவர்களுக்குத் திடீரெனக் கடும் தலைவலியும் முகச் சிவப்பும் வந்தால் இரத்த அழுத்தம் ஏறுகிறது என்று பொருள். நிமிர்ந்து உட்கார வைத்து, இறுக்கமான ஆடையையும் பட்டையையும் தளர்த்தி, சிறுநீர்ப்பை நிரம்பியுள்ளதா என்று கவனித்து, 108-ஐ அழைக்கவும்.

எந்த மாணவருக்கு எது பொருந்தும் என்பதை வட்டார வளமையத்தின் இயன்முறை மருத்துவரிடமும் சிறப்பாசிரியரிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள்.

40 நிமிடத்துக்கு ஒரு பாடத்திட்டம்

முதல் 5 நிமிடம் தோள் சுழற்றலும் ஆழ்ந்த மூச்சும். அடுத்த 10 நிமிடம், வரிசையாக வைத்த செங்கற்களுக்கு இடையே வளைந்து வளைந்து நாற்காலியைத் தள்ளுதல். நேரத்தைக் குறித்து, அடுத்த வாரம் அவரது பழைய நேரத்தோடு ஒப்பிடலாம். பிறகு 15 நிமிடம் முழு வகுப்போடும் விளையாட்டு. வலையைத் தாழ்த்திய எறிபந்து, இலக்கு நோக்கிப் பந்தெறிதல், பூப்பந்து, உட்கார்ந்தபடி ஒற்றைக் கம்புச் சிலம்பம் ஆகியவை பொருந்தும். இறுதியில் 5 நிமிடம் தசைப் பயிற்சி, 5 நிமிடம் நீட்டலும் தண்ணீரும். விதியை மாற்றும்போது வகுப்பையே கேளுங்கள். பிள்ளைகள் நம்மைவிட வேகமாக வழி கண்டுபிடிப்பார்கள்.

இது சலுகை அல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 16-ஆவது பிரிவு, விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் மற்றவர்களுக்குச் சமமான வாய்ப்பைப் பள்ளிகள் தர வேண்டும் என்கிறது.

விளையாட்டு மருத்துவத்தின் பகுதியானது புதிதும் அல்ல. இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டெவில் மருத்துவமனையில் தண்டுவடக் காயமடைந்தவர்களுக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் லுட்விக் குட்மன், 1948 ஜூலை 29 அன்று 16 பேரைக் கொண்டு வில்வித்தைப் போட்டி நடத்தினார். லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய நாள் அது. அந்த முயற்சியே வளர்ந்து 1960-இல் ரோம் நகரில் முதல் பாராலிம்பிக் ஆயிற்று. 1965 போரில் குண்டடிபட்ட நம் படைவீரர் முரளிகாந்த் பேட்கர், 1972-இல் நீச்சலில் இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கத்தை வென்றார். மார்புக்குக் கீழே செயலிழந்த தீபா மாலிக், 2016 ரியோ பாராலிம்பிக்கில் குண்டு எறிதலில் வெள்ளி வென்றபோது அவருக்கு வயது 45.

நம் மாணவர்கள் எல்லாரும் பதக்கம் வெல்ல வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பிலும் பள்ளிக்கு வர வேண்டும், கல்லூரிக்குப் போக வேண்டும், வேலைக்குப் போகும் வயதில் தோள் வலியில்லாமல் இருக்க வேண்டும். அதற்கு இந்த மாதமே மூன்று செயல்களைத் தொடங்கலாம்: கழிப்பறையை ஒருமுறை நாற்காலியின் உயரத்தில் இருந்து பாருங்கள், இயன்முறை மருத்துவரிடம் பயிற்சிப் பட்டியல் வாங்குங்கள், அந்த மாணவருக்கென ஒரு குறிப்பேடு தொடங்குங்கள். அதில் எடையை இரண்டாவதாக எழுதுங்கள். இந்த வாரம் யார் உதவியும் இல்லாமல் எத்தனை முறை நாற்காலி மாறினார் என்பதை முதலில் எழுதுங்கள்.