வேலை விசாவில் குடும்பத்தை அழைத்துப் போகுமுன்



நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வரும் இளைஞர்களின் கேள்வி சில ஆண்டுகளாக மாறியிருக்கிறது. முன்பெல்லாம் "வெளிநாட்டு வேலைக்குப் போகணும், இந்த ஏஜென்ட் சரியானவரா பாருங்க பாய்" என்று வருவார்கள். இப்போது "வேலையில சேர்ந்து ஒரு வருஷம் ஆச்சு. மனைவியையும் பிள்ளையையும் கூட்டிட்டுப் போகலாமா?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. ஆனால் பெரும்பாலும் டிக்கெட் போட்ட பிறகுதான் கேட்கிறார்கள். அதற்காகவே இந்தப் பாடம்.

நம் பாட்டனார் காலத்தில் இப்படி ஒரு கேள்வியே எழுந்ததில்லை. பர்மா, மலாயா, சிலோன் என்று சபர் போன சபுராளிகள் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வருவார்கள். மனைவி ஊரிலேயே இருப்பார். பிள்ளை அத்தாவைப் பார்த்து "யாரும்மா இவங்க?" என்று கேட்ட வீடுகள் நம்மிடையே உண்டு. அதைத் தியாகம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்தத் தியாகத்தில் பெரும்பங்கு யாருடையது என்று கேட்கப் பழகவில்லை.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் நடந்ததை நம் ஆலிம்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இரவில் நகரைச் சுற்றி வரும்போது, போருக்குப் போன கணவனை எண்ணி ஒரு பெண் வருந்துவது கலீஃபாவின் காதில் விழுகிறது. ஒரு பெண் எத்தனை காலம் கணவனைப் பிரிந்து பொறுத்திருக்க முடியும் என்று தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடமே கேட்கிறார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் பதில் வந்ததாக அறிவிப்புகள் உண்டு. அதை வைத்துப் படைவீரர்களின் தவணையையே மாற்றினார்கள். ஆகவே வசதியுள்ளவர் மனைவியை உடன் அழைத்துப் போக நினைப்பது ஆடம்பரம் அல்ல. அது அவளுடைய உரிமையோடு சேர்ந்த விஷயம்.

குடும்பத்தோடு அந்நிய நாட்டில் வாழ்ந்தவர்களுக்கு முன்மாதிரி வேண்டுமென்றால் ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரலி), அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) தம்பதியைப் பாருங்கள். இளவயதில் ஹபஷாவுக்குப் போனார்கள். பிள்ளைகள் அங்கேதான் பிறந்தார்கள். ஹிஜ்ரி 7இல்தான் மதீனா வந்து சேர்ந்தார்கள். அந்தப் பயணத்தில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்த நாட்டு மன்னரிடம் எவரும் அநீதி இழைக்கப்படுவதில்லை என்று தெரிந்தே நபி (ஸல்) அவர்கள் தோழர்களை அங்கே அனுப்பினார்கள். போகும் இடத்தை அறியாமல் அனுப்பவில்லை.

நாமும் போகும் நாட்டின் சட்டத்திலிருந்தே தொடங்குவோம். வேலைக்குப் போனவர் எல்லோரும் குடும்பத்தை அழைக்க முடியாது. ஐக்கிய அரபு எமிரேட்ஸில் 2019 முதல் என்ன வேலை என்று பார்ப்பதில்லை, சம்பளத்தைப் பார்க்கிறார்கள். மாதம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹத்தோடு கம்பெனி தரும் வீடு இருக்க வேண்டும். குவைத்தில் 2024இல் குடும்ப விசாவை மீண்டும் திறந்தபோது 800 தினார் என்று வைத்தார்கள். சிங்கப்பூரில் 'வொர்க் பெர்மிட்'டில் இருப்பவருக்கு வாய்ப்பே இல்லை. அதற்கு மேற்பட்ட பாஸ் உள்ளவருக்கும் 6,000 வெள்ளி சம்பளம் வேண்டும். மலேசியாவில் தற்காலிக வேலை அனுமதியில் இருக்கும் தொழிலாளி மனைவியை அழைத்து வைத்துக்கொள்ள முடியாது. இந்த எண்கள் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் வாரத்தில் அந்தந்த அரசின் தளத்தில் பாருங்கள். மச்சான் சொன்னார், ரூம்மேட் சொன்னார் என்று போகாதீர்கள்.

சம்பளம் எட்டிவிட்டது என்பதாலேயே கட்டுப்படியாகும் என்று அர்த்தமில்லை. சவூதி கணக்கைப் பாருங்கள். 2017 ஜூலையில் அங்கே குடும்ப உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் வந்தது. ஆண்டுக்கு 100 ஏறி 2020 ஜூலையில் 400 ரியால் ஆனது. மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் மாதம் 1,200, ஆண்டுக்கு 14,400 ரியால். நம் பணத்தில் மூன்று இலட்சத்துக்கும் மேல். வாடகை, ஸ்கூல், இன்ஷூரன்ஸ், டிக்கெட் எதுவும் இதில் சேரவில்லை. அந்த ஆண்டுகளில் எத்தனையோ இந்தியக் குடும்பங்கள் வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டு ஊர் திரும்பியதற்கு இந்தக் கட்டணம் பெரிய காரணம்.

துபாயில் வாடகையை மாதாமாதம் கொடுப்பது குறைவு. ஆண்டு வாடகையை ஒன்று முதல் நான்கு செக்குகளாக முன்கூட்டியே கேட்பார்கள். அட்வான்ஸ், புரோக்கர் கமிஷன், கரண்ட் டெபாசிட் என்று முதல் மாதமே கை காலியாகிவிடும். பலகை அடித்துத் தடுத்த அறையில் மனைவியையும் கைக்குழந்தையையும் வைத்துக் காலம் தள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு எங்கள் பதில்: வேண்டாம். அது சட்டத்துக்கும் புறம்பு, அந்தப் பெண்ணுக்கும் பெரும் சிரமம். இன்னும் ஆறு மாதம் சேமித்துவிட்டு அழையுங்கள்.

அடுத்தது காகிதங்கள். நம் பகுதியில் அதிகம் சிக்கல் வருவது இதில்தான் என்பதால் விரிவாகவே சொல்கிறோம்.

நிக்காஹ் தஃப்தரில் கையெழுத்து ஆனதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009 எல்லா மதத்தவருக்கும் பொருந்தும். நிக்காஹ் நடந்து 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். ஜமாஅத் தரும் சான்று அதற்கு ஆதாரம்தானே தவிர, அதற்குப் பதில் ஆகாது. தூதரகங்கள் கேட்பது அரசின் சான்றிதழைத்தான்.

அந்தச் சான்றிதழையும் அப்படியே கொண்டுபோக முடியாது. எமிரேட்ஸுக்கு என்றால் முதலில் மாநில அரசின் சான்றொப்பம், பிறகு நம் வெளியுறவு அமைச்சகம், பிறகு அவர்கள் தூதரகம், அங்கே இறங்கியதும் அவர்கள் வெளியுறவு அமைச்சகம் என்று படிப்படியாகப் போக வேண்டும். ஓமன், பஹ்ரைன், 2022 இறுதியிலிருந்து சவூதி ஆகிய நாடுகளுக்கு 'அப்போஸ்டில்' முத்திரை போதும், தூதரகப் படி இல்லை. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கும் இதே வழிதான். அதில் பிள்ளையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஆஸ்பத்திரியில் பெயர் வைக்காமல் பதிந்து, மாநகராட்சியில் பெயர் சேர்க்காமலே விட்ட சான்றிதழ்கள் நிறைய வருகின்றன. 2023 அக்டோபர் 1க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பிறந்த தேதிக்கு ஆதாரமே அந்தச் சான்றிதழ்தான்.

பெயர் விஷயம் தனிக் கதை. ஆதாரில் பாத்திமா பீவி, ரேஷன் கார்டில் பாத்திமா பீ, தஃப்தரில் பாத்திமுத்து, பள்ளிச் சான்றிதழில் வெறும் பாத்திமா. நமக்கு எல்லாம் ஒரே பாத்திமாதான். விசா அதிகாரிக்கு நான்கு பேர். 2022 நவம்பரில் எமிரேட்ஸ் ஓர் அறிவிப்பு தந்தது. பாஸ்போர்ட்டில் ஒரே சொல் மட்டும் பெயராக இருந்தால் விசிட் விசாவில் உள்ளே விடமாட்டோம் என்றார்கள். இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்போம் என்று பிறகு விளக்கினார்கள். இன்ஷியல் வைத்துப் பழகிய நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது நேரடியாகத் தட்டும். பாஸ்போர்ட் எடுக்கும்போதே அத்தா பெயரை விரித்து எழுதி, இரண்டு கட்டத்தையும் நிரப்புங்கள்.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் 'இ.சி.ஆர்.' குறிப்பு இருக்கும். வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது அவர்கள் குடியேற்ற அனுமதி பெற வேண்டும். கணவரோடு குடும்ப விசாவில் போகும் மனைவிக்கு அந்த அனுமதி தேவையில்லை. ஆனால் கணவரின் குடியிருப்பு அட்டை நகலும் திருமணச் சான்றிதழும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டிக்குள் வேண்டாம். வேலைக்குப் போகும் ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். இ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் போகிறவருக்குப் பிரவாசி பாரதீய பீமா காப்பீடு கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய் கட்டினால் விபத்து மரணத்துக்குப் பத்து இலட்சம். அந்த பாலிசித் தாள் எங்கே இருக்கிறது என்று வீட்டுப் பெண்ணுக்குத் தெரிய வேண்டும்.

பெட்டி கட்டும்போது அம்மாமார்களுக்கு ஒரு எச்சரிக்கை. குருமா மசாலாவோடு கசகசாவை வைத்துவிடாதீர்கள். நம் அஞ்சறைப் பெட்டிச் சாமான் வளைகுடா நாடுகளில் போதைப்பொருள் கணக்கில் வரும். விமான நிலையத்திலேயே பிடித்து ஜெயிலில் வைத்திருக்கிறார்கள். வலி மாத்திரை, இருமல் மருந்து எல்லாவற்றுக்கும் டாக்டர் சீட்டு வேண்டும். சில மருந்துகள் சீட்டு இருந்தாலும் தடை. அடுத்தவர் கொடுக்கும் பார்சலைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கவே கூடாது, கொடுப்பவர் சொந்த மாமியாக இருந்தாலும் சரி.

இனி இந்தப் பாடத்தின் நடு விஷயத்துக்கு வருகிறோம். மனைவி, பிள்ளைகளின் விசா கணவரின் விசாவைப் பிடித்துத் தொங்குகிறது. அவர் வேலை போனால் அவர்கள் இருப்பும் போகும். கம்பெனி மூடலாம், உடல் முடியாமல் போகலாம், போர் வரலாம். 1990இல் குவைத்திலிருந்து அம்மான் வழியாக ஒரு இலட்சத்து எழுபதாயிரம் இந்தியர் திரும்பினார்கள். உடுத்திய துணியோடு வந்தவர்களும் அதில் உண்டு. 2020 மே மாதம் கொரோனாவில் 'வந்தே பாரத்' விமானங்கள் தொடங்கியபோது வேலை இழந்தவர்களும் கர்ப்பிணிகளும்தான் வரிசையின் முன்னால் நின்றார்கள். அந்த நேரத்தில் தன் பாஸ்போர்ட் எங்கே, விசா எப்போது முடிகிறது, வங்கியில் என்ன இருக்கிறது என்று தெரியாத பெண் இரண்டு மடங்கு தவிக்கிறாள்.

ஆகவே புறப்படும் முன்பே கணவனும் மனைவியும் உட்கார்ந்து கணக்கைப் பேசுங்கள். சம்பளம் எவ்வளவு, கடன் எவ்வளவு, ஊரில் அத்தா அம்மாவுக்கு மாதம் என்ன அனுப்புகிறோம் என்பதையெல்லாம் அவளிடம் சொல்லுங்கள். "அவளுக்கு எதுக்கு அதெல்லாம்" என்கிற பேச்சை எங்கள் அலுவலகத்தில் அடிக்கடி கேட்கிறோம். குடும்பத்தோடு கடல் கடக்கிறவருக்கு அந்தப் பேச்சு ஆகாது. அவள் பாஸ்போர்ட் அவள் கையில் இருக்கட்டும். அவள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கும், மூன்று மாதச் செலவும் ஊர் திரும்ப டிக்கெட் பணமும் தனியாக இருக்கட்டும். மஹர் நகையை விசா செலவுக்கு அடகு வைப்பதாக இருந்தால் அது அவளுடைய சொத்து என்பதை நினைவில் வைத்து, அவள் மனப்பூர்வமாகச் சம்மதித்தால் மட்டும் வையுங்கள். எழுதி வைத்துத் திருப்பிக் கொடுங்கள்.

போன முதல் ஆறு மாதம் பெண்ணுக்குத்தான் கடினம். கணவர் காலையில் போனால் இரவுதான் வருவார். பத்தாவது மாடி, பூட்டிய கதவு, பக்கத்து வீட்டில் யார் என்று தெரியாது. இங்கே மாமியாரோடு சண்டை போட்டாலும் பேச்சுத்துணை இருந்தது. வாரம் ஒருமுறையாவது வெளியே அழைத்துப் போவதும், பள்ளிவாசலில் பெண்கள் பயான் நடக்கும் இடத்தை விசாரித்துச் சேர்ப்பதும் கணவரின் வேலை.

ஊரில் இருக்கும் பெரியவர்களை மறக்க வேண்டாம். கூடவே மருமகளை அனுப்ப மறுக்கும் பெற்றோருக்கும் சொல்கிறோம்: உங்களைப் பார்த்துக்கொள்ளும் கடமை முதலில் உங்கள் மகனுக்கு. அவன் ஆள் வைத்தோ, தம்பி தங்கையிடம் பேசியோ அதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

பிள்ளைகளின் படிப்பில் அவசரம் கூடாது. வளைகுடாவின் இந்தியப் பள்ளிகளில் பெரும்பாலும் ஏப்ரலில்தான் ஆண்டு தொடங்கும். நடுவில் அழைத்துப் போனால் பிள்ளை வீட்டில் உட்காரும். திரும்பி வரும் நாளையும் யோசியுங்கள். தமிழ் கற்றல் சட்டம் 2006இன்படி இங்கே பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். அங்கே ஹிந்தியோ அரபியோ எடுத்துவிட்டு ஒன்பதாம் வகுப்பில் வரும் பிள்ளை, தமிழ் எழுத்துக் கூட்ட முடியாமல் அழுவதைப் பார்க்கிறோம். தினமும் அரைமணி வீட்டில் தமிழ் எழுதச் சொல்லுங்கள். குர்ஆன் ஓதுவதற்கு நேரம் ஒதுக்குவதுபோல இதற்கும் ஒதுக்குங்கள். புறப்படும்போது பள்ளியின் டி.சி.யை முறைப்படி கையெழுத்து வாங்கிக்கொண்டு வாருங்கள்.

அங்கேயே பிள்ளை பிறந்தால் ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும். தவறினால் குடியுரிமைக்கே மத்திய அரசின் அனுமதி கேட்டு அலைய வேண்டி வரும். எமிரேட்ஸில் குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுத்து விசா அடிக்க 120 நாள்தான் அவகாசம்.

நம் பைத்துல்மாலிலிருந்து டிக்கெட்டுக்கோ ஏஜென்ட் கட்டணத்துக்கோ கடன் தருவதில்லை. திரும்பி வந்த குடும்பத்துப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு விண்ணப்பம் வாங்குகிறோம். ஞாயிறுதோறும் அஸருக்குப் பிறகு அலுவலகத்தில் பாஸ்போர்ட், பதிவுத் திருமணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றைச் சரிபார்த்துத் தருகிறோம். அசலும் ஒரு செட் ஜெராக்ஸும் கொண்டு வாருங்கள். கணவர் வெளிநாட்டில் இருந்தால் மனைவியே வரலாம், துணைக்குத் தாயோ மாமியாரோ வரட்டும். பெண்களுக்கு உதவ நம் மதரஸா உஸ்தாதா இருப்பார்.