முழங்கால் போனால் மதிப்பும் போகுமா?



கூடைப்பந்தில் பாயிண்ட் கார்டு என்பவர் அணிக்கு டிரைவர் மாதிரி. பந்தைத் தட்டிக்கொண்டு வருவதும், யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுப்பதும் அவர் வேலை. ஓடுகிற வேகத்தில் சட்டென்று நிற்க வேண்டும், திரும்ப வேண்டும். அந்தப் பாரமெல்லாம் முழங்காலிலும் கணுக்காலிலும்தான் இறங்குகிறது.

எலும்புகளைப் பிடித்து வைத்திருப்பதை நாம் ஜவ்வு என்கிறோம். டாக்டர்கள் லிகமெண்ட் என்பார்கள். முழங்காலின் நடுவே உள்ள முன் ஜவ்வு முழுசாக அறுந்தால் பெரும்பாலும் தானாக ஒட்டாது. வேறு இடத்திலிருந்து நார் எடுத்துப் பொருத்தி, சுமார் ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும். நம்ம ஊர் கணக்கில், ஜூனில் குறுவைக்கு நாற்று விட்டதிலிருந்து பிப்ரவரியில் தாளடி அறுக்கும் வரை!

அமெரிக்காவின் டெரிக் ரோஸ் 2011-ல், 22 வயதிலேயே என்.பி.ஏ.வின் மிகச்சிறந்த வீரர் விருது பெற்றார். 2012 ஏப்ரல் 28-ல் இடது முழங்கால் ஜவ்வு அறுந்தது. அடுத்த சீசன் முழுக்க ஆடவில்லை. 2018-ல் ஒரே ஆட்டத்தில் 50 புள்ளி எடுத்தார். ஆனாலும் பழைய உயரம் திரும்பவில்லை.

ஸ்டீபன் கரியின் கதை வேறு. கணுக்கால் காயத்தால் 2011-12 சீசனில் 26 ஆட்டம்தான் ஆடினார். இடுப்பையும் தொடையையும் வலுவாக்கிக் கணுக்காலின் பாரத்தைக் குறைத்தார். 2015, 2016 இரண்டு ஆண்டும் அதே விருது அவருக்கே.

நம்ம சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன், 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகைக் கிரிக்கெட்டிலும் அறிமுகமானவர். 2021 ஏப்ரலில் முழங்கால் ஆபரேஷன். 2024 ஐ.பி.எல்.லில் 19 விக்கெட் எடுத்தார். ஆனால் இந்திய அணி இடம் அவ்வளவு சுலபமாகத் திரும்பவில்லை. காலி இடம் காத்திருக்காது என்பதே உண்மை.

என் அப்பா வயல் கூலி. போகாத நாளுக்குக் கூலி கிடையாது. அதனால் எங்க வீட்டில் வலியைச் சொல்லிப் பழக்கமில்லை. வீங்கின காலில் ஸ்ப்ரே அடிச்சு மைதானத்தில் இறங்குற நம்ம பசங்களுக்கும் அதே பயம்: உட்கார்ந்தா டீமில் இடமும் போயிடும், ஸ்போர்ட்ஸ் கோட்டாவும் போயிடும். அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் அறுந்த ஜவ்வோடு ஆடினால் பக்கத்தில் உள்ள குருத்தெலும்பும் கிழியும். போனது ஒரு சீசன் என்பது மாறி, போனது கால் என்றாகிவிடும்.

'டப்' என்று சத்தம் கேட்டாலோ, சில மணி நேரத்தில் முழங்கால் வீங்கினாலோ, நடக்கையில் கால் மடங்கினாலோ உடனே ஆட்டத்தை நிறுத்தி எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். கேப்டன்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அடிபட்டவன் பெயரை லிஸ்டில் அடிக்காதீர்கள். பெஞ்சில் உட்கார வைத்து ஆட்டத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். பாயிண்ட் கார்டின் பாதி வேலை கண்ணில்தானே இருக்கிறது!