ஏரிப் பறவைகளின் காதற் சடங்குகள்

பறவைகள் இணை கூடும் பருவத்தில் நிகழ்த்தும் ஆட்டங்களைக் கண்டு மகிழ்வது வேறு. அவற்றை ஆராய்வது வேறு. ஒரு செயலை எப்பறவை தொடங்கிற்று, மற்றது அதற்கு எவ்வாறு எதிர்ச்செயல் காட்டிற்று, முடிவில் என்ன நிகழ்ந்தது என வரிசையாகக் குறித்து வைப்பதே ஆராய்ச்சியின் முதற்படியாகும். இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. ஒரு தொலைநோக்கியும், குறிப்பேடும், பொறுமையும் போதுமானவை. இம்மூன்றையும் கொண்டே ஓர் இளம் விலங்கியல் அறிஞர் ஏரிக்கரையில் கண்ட உண்மைகள், பிராணிகளின் நடத்தையைப் பற்றிய விஞ்ஞானத்திற்கு அடிப்படைகளுள் ஒன்றாயின.

டிரிங் நீர்த்தேக்கங்கள்

இங்கிலாந்தில் டிரிங் என்னும் ஊருக்கு அருகில், கால்வாய்க்கு நீர் அளிப்பதற்காக வெட்டப்பட்ட நீர்த்தேக்கங்கள் உள்ளன. 1912-ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் ஜூலியன் ஹக்ஸ்லி அங்குத் தங்கி, பெரிய கொண்டை முக்குளிப்பான் என்னும் நீர்ப்பறவையை உற்றுநோக்கினார். அவர் எழுதிய கட்டுரை 1914-இல் வெளிவந்தது. பின்னாளில் யுனெஸ்கோ நிறுவனத்தின் முதல் தலைமை இயக்குநராக விளங்கியவரும் இவரே.

இப்பறவை நீண்ட வெண்ணிறக் கழுத்துடையது. வசந்தத்தில் தலையில் இரண்டு கருங்கொண்டைகளும், கன்னத்தின் இருபுறமும் செம்பழுப்பு நிறப் பிடரிச் சிறகுகளும் வளர்கின்றன. ஆணும் பெண்ணும் ஏறத்தாழ ஒரே தோற்றமுடையவை. இவ்வழகே ஒரு காலத்தில் அதற்குக் கேடாக முடிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெண்டிரின் தொப்பிகளையும் உடைகளையும் அணிசெய்வதற்காக இப்பறவைகள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டமையால், இங்கிலாந்தில் அவை அற்றுப்போகும் நிலையை எய்தின. சட்டப் பாதுகாப்பும், 1889-இல் தோன்றிய பறவைப் பாதுகாப்பு இயக்கமும் அவற்றை மீட்டன. அவ்வாறு மீட்கப்படாதிருந்தால் 1912-இல் ஆராய்வதற்குப் பறவையே இருந்திராது.

நான்கு சடங்குகள்

முதலாவது தலையசைப்பு. இரு பறவைகளும் எதிரெதிரே மிதந்து, கழுத்தை நிமிர்த்தி, பிடரிச் சிறகுகளை விரித்துத் தலையை இருபுறமும் அசைக்கின்றன. இடையிடையே கழுத்தைப் பின்னே வளைத்து, முதுகுப்புறத்துச் சிறகொன்றை அலகால் சற்றே தூக்கி விடுகின்றன.

இரண்டாவது கண்டறிதல். துணையைக் கண்டதும் ஒரு பறவை நீரில் மூழ்கி, மேற்பரப்பின் கீழேயே நீந்தி வருகிறது. மற்றது கழுத்தை உள்ளிழுத்து, இறக்கைகளை விரித்து, அவற்றின் வெண்பட்டைகள் தோன்றக் காத்திருக்கிறது. வந்த பறவை துணையின் அருகே செங்குத்தாக மெல்ல எழுந்து, முதலில் புறங்காட்டி நின்று, பின்னர் முகம் திரும்புகிறது. தலையசைப்புடன் இது முடிகிறது.

மூன்றாவது பின்வாங்குதல். தலையசைப்பின் நடுவே ஒரு பறவை திடீரென நீர்மீது சலசலத்து விலகி ஓடி, சற்றுத் தொலைவில் நின்று, துணையை நோக்கித் திரும்புகிறது.

நான்காவது களை நடனம். இது அரிதாகவே காணக் கிடைப்பது. இரண்டும் மூழ்கி அலகில் நீர்ப்பாசியைக் கவ்வி எழுந்து, ஒன்றையொன்று நோக்கி நீந்துகின்றன. அருகே வந்ததும் மார்போடு மார்பு பொருந்த நீரின்மேல் நிமிர்ந்து, கால்களால் நீரை உதைத்தவாறு சில விநாடிகள் அசைந்தாடுகின்றன.

பொருள் யாது?

ஆண் பறவைகளின் பகட்டான அணிகள் பெண்ணின் தேர்வினால் வளர்ந்தன என்று டார்வின் 1871-இல் விளக்கினார். ஆனால் இங்கோ இருபாலும் ஒரே அணி பூண்டு ஒரே செயலைச் செய்கின்றன. மேலும், இச்சடங்குகள் இணை அமைந்த பின்னரும் தொடர்கின்றன. இவற்றின் முடிவில் உடனே புணர்ச்சி நிகழ்வதில்லை. அது பாசிகளால் ஆன மேடையின்மேல் தனியே நிகழ்கிறது. ஆகவே, இருபாலும் ஒன்றையொன்று தேர்கின்றன என்றும், இச்சடங்குகள் இணையின் பிணைப்பை உறுதிசெய்கின்றன என்றும் ஹக்ஸ்லி கருதினார். அப்பிணைப்பின் தேவை வெளிப்படை. மிதக்கும் கூட்டைக் கட்டுதல், ஏறத்தாழ 28 நாட்கள் அடைகாத்தல், குஞ்சுகளை முதுகில் சுமத்தல் ஆகிய அனைத்தையும் இரண்டும் பகிர்ந்துகொள்கின்றன.

மற்றோர் உண்மையும் புலனாயிற்று. பாசியை எடுத்தல் கூடு கட்டும் தொழிலைச் சார்ந்தது. சிறகைத் தூக்குதல் இறகு கோதும் பழக்கத்தைச் சார்ந்தது. அன்றாடச் செயல்கள் பயன் மாறிக் குறிப்புச் செயல்களாக ஆகியுள்ளன. இம்மாற்றமே விஞ்ஞானத்தில் சடங்காதல் எனப்படுகிறது.

நம் நாட்டு நீர்நிலைகளில்

பெரிய கொண்டை முக்குளிப்பான் குளிர்காலத்தில் வட இந்திய ஏரிகளுக்கு வருகிறது. அப்போது அதன் பிடரிச் சிறகுகள் குறைந்திருக்கும். அதன் இனத்தைச் சேர்ந்த சிறு முக்குளிப்பானோ நாடெங்கும் குளங்களிலும் ஏரிகளிலும் வாழ்கிறது. சமவெளிகளில் நீர்ப்பறவைகள் பலவற்றிற்கு மழையே வசந்தமாகும். மழை பெய்து நீர்நிலை நிறையும்போது இச்சிறு பறவையின் கழுத்து செம்பழுப்பாகிறது. இணைகள் நடுங்கும் குரலில் சேர்ந்து கூவுகின்றன. வட இந்திய வயல்களிலும் சதுப்புகளிலும் சாரஸ் கொக்குகள் இரட்டையாகக் குரல் எழுப்புவதையும் மழைக்காலத்தில் காணலாம். அப்போது இறக்கைகளை முதுகுக்குமேல் உயர்த்துவது ஆண்பறவையாகும்.

களப்பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும்

1. அதிகாலையில் ஒரே இடத்தில் அமர்ந்து நோக்குக. நேரம், தொடங்கிய பறவை, எதிர்ச்செயல், முடிவு என நான்கு பத்திகள் கொண்ட அட்டவணையில் அவ்வப்போதே எழுதுக.

2. தோற்றம் ஒத்த பறவைகளை ஆண், பெண் என்று எழுதாமல் 'அ', 'ஆ' எனக் குறிக்க. முக்குளிப்பான்களில் பெண்பறவை ஆணின்மேல் ஏறுவதும் உண்டு. ஆதலின் ஏறியதைக் கொண்டு பால் துணிவது பிழையாகும்.

3. 'மகிழ்ந்தது', 'நாணியது' என எழுதற்க. 'தலையை ஆறுமுறை அசைத்தது' என எழுதுக. முன்னது ஊகம், பின்னது சான்று.

4. கூட்டை நெருங்கற்க. முக்குளிப்பான் கூட்டை விட்டு நீங்குமுன் முட்டைகளைப் பாசியால் மூடுவது வழக்கம். மூடாமல் விரைந்து நீரில் பாயுமாயின், நோக்குவோர் மிக நெருங்கிவிட்டனர் என்று அறிந்து உடனே அகல வேண்டும். மூடப்படாத முட்டைகள் காக்கையின் கண்ணுக்கு எளிதில் இரையாகும். பாதுகாக்கப்பட்ட பறவைகளின் முட்டைகளையோ கூட்டையோ குலைப்பது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமுமாகும்.

5. மாணவர் இருவர் இருவராகப் பிரிந்து, ஒரே பறவை இணையை அரைமணி நேரம் தனித்தனியே குறித்துப் பின்னர் ஒப்பிடுக. இருவர் குறிப்பும் வேறுபடும் இடங்களே மறுநாள் மீண்டும் நோக்க வேண்டிய இடங்களாம்.