தொலைநோக்கியில் இரண்டு எண்கள்

பிரேசர் மலையில் பறவை பார்க்க, கல்விக் கடனில் மிச்சம் பிடித்து 10×25 தொலைநோக்கி வாங்கினேன். 'பத்து மடங்கு' என்றதும் மயங்கிவிட்டேன்! விடியற்காலைக் காட்டில் பறவை வெறும் கருநிழலாகவே தெரிந்தது.

முதல் எண் உருப்பெருக்கம். அடுத்தது முன்வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். 25-ஐ 10-ஆல் வகுத்தால், கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் 2.5 மி.மீ. மங்கிய வெளிச்சத்தில் நம் கண்பாவையோ 5 மி.மீட்டருக்கும் மேல் விரிந்து காத்திருக்கும். நண்பனின் 8×42-இல் அது 5.25 மி.மீ.; அவனுக்கு இறகின் நிறமே தெரிந்தது. பத்து மடங்கில் கைநடுக்கமும் பத்து மடங்காகும் என்பதை யாரும் சொல்லவில்லை. வேட்டைத் துப்பாக்கியில் பொருத்தும் 3-9×40 தொலைநோக்கிக்கும் இதே கணக்குதான்.

மூக்குக்கண்ணாடி அணியும் நண்பர்களே, கண்ணாடியோடு முழுக் காட்சியும் தெரிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். நான் அதையும் பார்க்கவில்லை.