குரல் பதிவுகளைக் காப்போம்: ஆடாசிட்டியில் இடமும் இணக்கமும்

ஆறாம் வகுப்பு மாணவர்கள் தம் ஊர்ப் பாட்டி ஒருவர் பாடிய நான்கு தாலாட்டுகளைக் கைப்பேசியில் பதிவு செய்து வந்தார்கள். பள்ளிக் கணினியில் ஆடாசிட்டி மென்பொருள் கொண்டு அவற்றைத் தொகுத்து, கோப்பைப் பென்டிரைவில் எடுத்துச் சென்றேன். வீட்டில் திறந்தால் ஒலியே இல்லை. இடம் போதவில்லை என்று பள்ளிக் கணினியில் இருந்த கோப்புறையையும் கைப்பேசியின் மூலப் பதிவையும் அதற்குள் அழித்திருந்தேன். பாட்டி மறுபடியும் பாடித் தந்தார். நான்காவது பாட்டு மட்டும் அவர் நினைவுக்கு வரவில்லை.

தவறு என்னுடையது. திட்டக்கோப்பு வேறு, ஒலிக்கோப்பு வேறு என்பதை நான் அறிந்திருக்கவில்லை.

திட்டக்கோப்பு

ஆடாசிட்டியின் பழைய பதிப்புகளில் திட்டத்தைச் சேமித்தால் 'ஏயுபி' என்னும் சிறு கோப்பும், 'டேட்டா' என முடியும் கோப்புறையும் உருவாகும். குரல் இருப்பது கோப்புறையில்தான். நான் எடுத்துச் சென்றது சிறு கோப்பை மட்டுமே. 2021இல் வெளியான 3.0 பதிப்பு முதல் இரண்டும் 'ஏயுபி3' என்ற ஒரே கோப்பாகிவிட்டன. புதிய பதிப்பில் பழைய திட்டங்களைத் திறக்கலாம். பழைய பதிப்பில் புதிய கோப்பைத் திறக்க இயலாது. எனவே, வேறு கணினிக்குக் கொண்டு செல்லும்போது 'எக்ஸ்போர்ட்' செய்து ஒலிக்கோப்பாகவே எடுத்துச் செல்லுங்கள்.

இடம் எங்கே போகிறது?

இதை மாணவர்களையே கணக்கிடச் சொல்லலாம். வழக்கமான அமைப்பில் நொடிக்கு 44,100 மாதிரிகள். ஒவ்வொன்றுக்கும் 4 பைட். ஒரு நிமிடத்திற்கு 10 மெகாபைட்டுக்குச் சற்று மேல். ஸ்டீரியோ என்றால் இரு மடங்கு. ஒருவர் பேசுவதைப் பதிய மோனோ போதும். பாதி இடம் மிச்சம்.

பதிவு முழுவதற்கும் இரைச்சல் நீக்கம் செய்தால், பழைய ஒலியும் 'அன்டூ' செய்வதற்காக வட்டிலேயே இருக்கும். ஐந்து முறை இவ்வாறு மாற்றினால் கோப்பு ஏறத்தாழ ஆறு மடங்காகும். அஞ்ச வேண்டாம். சேமித்துத் திட்டத்தை மூடினால் தேவையற்றவை நீங்கிவிடும். ஆகவே நீண்ட பணியில் இடையிடையே சேமித்து, மூடித் திறப்பது நல்லது.

திறக்காத கோப்புகள்

பல கைப்பேசிகள் 'எம்4ஏ' வடிவில் பதிவு செய்கின்றன. விண்டோஸ் கணினியில் இதை ஆடாசிட்டி ஏற்க 'எஃப்எஃப்எம்பெக்' என்னும் துணைநிரலை நிறுவ வேண்டும். இணைய வசதி இல்லையெனில், கைப்பேசிச் செயலியில் 'வேவ்' வடிவைத் தேர்ந்து பதிவு செய்யலாம்.

மூன்று பழக்கங்கள்

1. மூலப் பதிவைத் தொடாதீர்கள். அதன் நகலில் மட்டும் வேலை செய்யுங்கள்.

2. கணினியின் வட்டிலேயே தொகுத்து, முடித்தபின் பென்டிரைவில் நகலெடுங்கள்.

3. காத்து வைக்க 'வேவ்', பகிர 'எம்பி3'. மோனோவில் 64 கேபிபிஎஸ் எம்பி3 நிமிடத்திற்கு அரை மெகாபைட்டுக்கும் குறைவு. பேச்சுக்கு அது போதுமானது.

எதையும் அழிக்கும் முன், எடுத்துச் சென்ற கோப்பை மற்றொரு கணினியில் ஒருமுறை கடைசிவரை கேளுங்கள். வட்டில் இடத்தை மீண்டும் உண்டாக்கிக்கொள்ளலாம். போன குரலை அப்படி மீட்க முடியாது.