கொப்பரை உலர்த்தும் கூடாரத்திற்கு முகட்டுத் திறப்பு அவசியம்

சேத்தூர், தேவதானம் பகுதிகளில் தென்னை வைத்திருக்கும் சிறு விவசாயிகள் பலர், களத்து மழைக்கும் புழுதிக்கும் தப்பிக்க, பாலித்தீன் கூரை போட்ட சூரிய உலர்த்திக் கூடாரம் அமைக்க விரும்புகின்றனர். நல்ல யோசனைதான். ஆனால் முகட்டில் திறப்பு வைக்காத கூடாரம் கொப்பரையை உலர்த்தாது, புழுங்க வைக்கும்.

காரணம் என்ன?

பச்சைப் பருப்பில் ஏறத்தாழ பாதி எடை நீர். கொப்பரையில் ஈரம் 6 சதவீதத்திற்கு மேல் இருக்கக் கூடாது. அப்படியானால் 100 கிலோ பருப்பிலிருந்து சுமார் 47 கிலோ நீர், அதாவது மூன்று குடம் தண்ணீர், ஆவியாக வெளியேற வேண்டும். வழியில்லாவிட்டால் அந்த ஆவி இரவில் குளிர்ந்த கூரையில் முத்து முத்தாகப் படிந்து, மீண்டும் பருப்பின் மீதே சொட்டும். பூஞ்சாணம் பிடிக்கும்; விலை குறையும். மஞ்சள் கலந்த பச்சை நிறப் பூஞ்சாணம் அப்ளாடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்கக் கூடியது. அது பிண்ணாக்கு வழியே மாட்டுக்கும் போய்ச் சேரும்.

அமைக்கும் முறை

சூடான காற்று மேலே எழும். ஓட்டு வீட்டு அடுப்படியில் உயரத்தில் புகைபோக்கி வைப்பது இதனால்தான். முகட்டை வடக்கு தெற்காக ஓடவிட்டு, 30 அடி நீளம், 12 அடி அகலமுள்ள கூடாரத்தின் முகடு நெடுக ஓர் அடி அகலத்திற்குத் திறப்பு விடலாம். அதற்கு மேல் முக்கால் அடி உயரத்தில், இருபுறமும் ஓர் அடி நீண்டிருக்குமாறு ஒரு மூடுகூரை வேண்டும்.

மேலே வழி விட்டால் மட்டும் போதாது. உள்ளே வரும் காற்றுக்கும் வழி வேண்டும். இரு பக்கச் சுவர்களின் அடியிலும், தரையிலிருந்து அரை அடி உயரத்தில், நெடுக அரை அடித் திறப்பு விடவும். எல்லாத் திறப்புகளுக்கும் நைலான் வலை கட்டி, புழுதி அடையாமல் அவ்வப்போது தட்டிவிடவும். பருப்பைத் தரையில் பரப்பாமல், இரண்டடி உயரக் கம்பிவலைத் தட்டுகளில் பரப்பினால் காற்று ஊடே புகுந்து செல்லும்.

காற்றும் மழையும்

முகட்டுத் திறப்பின் இருபுறமும் சுருட்டி இறக்கும் படுதா தேவை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மலைப்பக்கமிருந்து மேல்காற்று பலமாக வீசும்போது மேற்குப் படுதாவை இறக்கி, கிழக்கைத் திறந்து வைக்கவும். முகட்டைக் கடக்கும் காற்றே உள்ளிருக்கும் ஈரக்காற்றை இழுத்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடை மழையின்போது இதை மாற்றிச் செய்யவும்.

முதல் நாள் ஈரம் அதிகம். திறப்புகள் முழுவதும் திறந்திருக்கட்டும். பிந்திய நாட்களில் பாதி மூடினால் சூடு கூடும். பொழுது சாய்ந்ததும் எல்லாவற்றையும் மூடி, காலை வெயில் ஏறியதும் திறக்கவும்.

சோதனை எளிது. வெயில் நேரத்தில் அடித் திறப்பருகே ஊதுவத்தி கொளுத்துங்கள். புகை உள்ளே இழுக்கப்பட்டு மேலே எழுந்தால் அமைப்பு சரி. அங்கேயே தேங்கினால் திறப்பு போதவில்லை.

கூடாரம் போடுமுன் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் மானிய விவரம் கேட்டறிவது நலம். வரைபடத்தில் முகட்டுத் திறப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே வேலையைத் தொடங்குங்கள்.